பீட்டில்ஸ் ஏன் மேடையை விட்டு இறங்கினார்கள்?

1965 ஆகஸ்ட் 15ஆம் தேதி, நியூயார்க்கில் ஷே ஸ்டேடியம் என்கிற பேஸ்பால் மைதானத்தில் 55,600 பேர் கூடியிருந்தார்கள். ஒரு ராக் கச்சேரிக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. வசூல் மூன்று லட்சம் டாலரைத் தாண்டியது. இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து வந்த நால்வர் குழுவான பீட்டில்ஸ் மேடையில் நின்றதோ மொத்தமே அரை மணி நேரம். அந்தக் காலத்துப் பெரிய கச்சேரிகளில், பாட்டு எந்த இடத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்பதே தனக்குக் கேட்காது என்றும், முன்னால் நிற்கிற மூன்று பேரின் இடுப்பு எப்படி அசைகிறது, தலை எப்போது ஆடுகிறது, கால் எப்போது தட்டுகிறது என்று பின்னாலிருந்து பார்த்துத்தான் தாளத்தைப் பிடித்துக்கொண்டு போவேன் என்றும் ரிங்கோ ஸ்டார் பின்னாளில் பல தடவை சொல்லியிருக்கிறார். உலகத்திலேயே அதிகம் விரும்பப்பட்ட குழுவின் டிரம்மர், தன் குழுவின் பாட்டைக் காதால் கேட்க முடியாமல் கண்ணால் பார்த்து வாசித்தார்.

அடுத்த ஆண்டு, 1966 ஆகஸ்ட் 29க்குப் பிறகு, பீட்டில்ஸ் டிக்கெட் போட்டுக் கச்சேரி செய்யவே இல்லை. குழு உடைந்தது 1970இல். புகழின் உச்சியில் இருந்த குழு தன் கடைசி மூன்று நான்கு வருடங்களை மேடையே இல்லாமல் கழித்தது. இதற்குக் காரணம் கேட்டால் வழக்கமாக வருகிற பதில்கள் தெரிந்தவைதான்: மணிலாவில் அடி வாங்கினார்கள், இயேசுவைப் பற்றி குழுவின் ஜான் லெனன் சொன்ன வார்த்தையால் அமெரிக்காவில் கொலை மிரட்டல் வந்தது, ஓடி ஓடி அலுத்துப் போனார்கள். எல்லாமே நடந்தவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவை எல்லாம் 1966இன் கோடையில் நடந்தவை. மேடை அவர்களுக்குக் கசந்தது அதற்கு முன்பே. அந்தக் கசப்புக்கு வேர் ஒலிபெருக்கியில் இருக்கிறது என்பது என் கட்சி. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இவர்கள் ஸ்டுடியோவில் பிறந்த குழு இல்லை. 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரத்துக்குப் போய், குடிகாரர்களும் மாலுமிகளும் வந்து போகிற கிளப்புகளில் ஒரு இரவுக்கு ஏழு எட்டு மணி நேரம் வரை வாசித்துப் பழகியவர்கள். இரண்டரை வருடத்தில் அங்கே ஐந்து முறை போய் வந்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பினால் லிவர்பூலில் கேவர்ன் என்கிற நிலவறைக் கிளப், தாழ்வான செங்கல் வளைவுகளுக்கு அடியில், முதல் வரிசைக்கும் பாடகனுக்கும் நடுவில் கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம். அங்கே மட்டும் கிட்டத்தட்ட முந்நூறு முறை வாசித்திருக்கிறார்கள். ஒருத்தர் சொதப்பினால் அடுத்தவர் உடனே திரும்பிப் பார்ப்பார், கூட்டம் சலித்தால் அந்த நொடியே பாட்டை மாற்றுவார்கள், ஒரு குரலின் மேல் இன்னொரு குரல் எங்கே ஏறி உட்கார வேண்டும் என்பது காதுக்குக் காது பழகிப் பழகி வந்தது. 1963 பிப்ரவரி 11ஆம் தேதி ஒரே நாளில் தங்கள் முதல் ஆல்பத்தின் பத்துப் பாட்டுகளைப் பதிவுசெய்து முடிக்க முடிந்தது என்றால் அதுதான் காரணம். ஸ்டுடியோவுக்குள் வந்து, மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்துவிட்டுப் போனார்கள்.

அப்படிப்பட்டவர்களின் காதைத்தான் அடைத்துவிட்டார்கள்.

1964 பிப்ரவரி 9ஆம் தேதி எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர்களை 7.3 கோடி அமெரிக்கர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். இரண்டே நாள் கழித்து வாஷிங்டன் கொலீசியத்தில் முதல் அமெரிக்கக் கச்சேரி. குத்துச்சண்டை மேடை மாதிரி நடுவில் ஒரு மேடை, நான்கு பக்கமும் ரசிகர்கள். மூன்று பாட்டுக்கு ஒரு முறை மைக்கையெல்லாம் தூக்கி வேறு பக்கம் திருப்பி வைக்கிறார்கள், ரிங்கோ தானே இறங்கி டிரம்ஸ் பீடத்தைத் தள்ளித் திருப்புகிறார். படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள், அது ஒரு அற்புதமான கச்சேரி. அந்த இரவு அவர்கள் வெறி பிடித்த மாதிரி வாசிக்கிறார்கள். கூச்சல் அப்போதே காதைப் பிளக்கிறது, ஆனால் அது அவர்களுக்கு இன்னும் புதுசு, அந்தக் கூச்சலே உற்சாகமாக இருக்கிற கட்டம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் நடந்த கச்சேரியை நேரடி ஆல்பமாக வெளியிடலாம் என்று கேபிடல் இசைத்தட்டு நிறுவனம் பதிவுசெய்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் டேப்பைக் கேட்டுப் பார்த்தார், திருப்தியில்லை. கூச்சல், ஜெட் விமானத்துக்குப் பக்கத்தில் மைக் வைத்த மாதிரி இருந்ததாக அவர் சொன்னார். டேப்பைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். 1965இல் அதே இடத்தில் மறுபடி பதிவுசெய்தார்கள், அதுவும் பெட்டிக்குள் போனது. உலகத்தில் எதை வெளியிட்டாலும் விற்கும் என்கிற நிலையில் இருந்த குழுவின் கச்சேரிப் பதிவை, வெளியிட லாயக்கில்லை என்று ஒதுக்க வேண்டி வந்தது.

சரி, இவ்வளவு பெரிய குழுவுக்கு ஒரு நல்ல மைக்செட் போட முடியாதா? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு ராக் கச்சேரியில் ஒலி எப்படிப் போனது என்று பாருங்கள். கிட்டாரும் பேஸ் கிட்டாரும் மேடையில் அவரவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிற ஆம்ப்ளிஃபையரிலிருந்து நேரடியாக வரும், அவ்வளவுதான், அது அரங்கத்தின் ஒலிபெருக்கிகளுக்குப் போகாது. டிரம்ஸுக்கு இன்றைக்கு மாதிரி ஒவ்வொரு தோலுக்கும் ஒரு மைக் என்பதெல்லாம் கிடையாது. குரல் மட்டும்தான் அரங்கத்து ஒலிபெருக்கிக்குப் போகும். அந்த ஒலிபெருக்கி யாருக்காகக் கட்டப்பட்டது? பேஸ்பால் மைதானம் என்றால், அடுத்து மட்டை பிடிக்க வருவது யார் என்று அறிவிப்பவருக்காக. ஒரு மனிதக் குரல் புரிய வேண்டும், அதுதான் அதன் வேலை. அதன் வழியாகத்தான் மூன்று பேர் சேர்ந்து பாடுகிற இசைவுக்குரல் 55,000 பேருக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

பீட்டில்ஸ் வாசித்த வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்கள் ஆரம்பத்தில் 30 வாட். கேவர்னுக்கு அது தாராளம். கூட்டம் பெருகப் பெருக வாக்ஸ் நிறுவனம் அவர்களுக்காகவே 100 வாட் ஆம்ப்களைச் செய்துகொடுத்தது, அதைப் பார்த்து இவர்களே பிரமித்துப் போனார்கள். கேட்க மூன்று மடங்கு சத்தம் மாதிரி இருக்கிறது இல்லையா? இல்லை. காது வாட் கணக்கில் கேட்பதில்லை. வாட் இரண்டு மடங்கானால் ஒலியின் அளவு 3 டெசிபெல் கூடும், ஒரு ஒலி நமக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 30 வாட்டிலிருந்து 100 வாட்டுக்கு ஏறினால் கிடைப்பது ஐந்து டெசிபெல் சொச்சம். தூரத்தின் கணக்கு இதற்கு நேர் எதிர்: திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். அதாவது, புது ஆம்ப் கொடுத்த கூடுதல் சத்தம் முழுவதையும் ரசிகரை இரண்டு மடங்கு தள்ளி உட்காரவைத்தாலே விழுங்கிவிடலாம். ஷே ஸ்டேடியத்தில் மேடை மைதானத்தின் நடுவில் இருந்தது, ரசிகர் ஒருவரைக்கூடப் புல்தரையில் விடவில்லை, எல்லோரும் சுற்றியுள்ள மாடங்களில்.

அப்புறம் கூச்சலின் தன்மை. இளம்பெண்களின் உச்சக்குரல் அலறலில் ஆற்றலின் பெரும்பகுதி விழுவது, மனிதக் காது எந்த அலைவரிசையில் கூர்மையாகக் கேட்குமோ கிட்டத்தட்ட அதே இடத்தில். பாட்டின் சொற்களை நமக்குப் பிரித்துக் காட்டுகிற மெய்யொலிகளின் கூர்மையும் கிட்டாரின் பளபளப்பும் இருப்பதும் அங்கேதான். ஆக, கூட்டம் சத்தமாக இருந்தது என்பதோடு விஷயம் முடியவில்லை, பாட்டு எந்த வழியாகக் காதுக்குள் வர வேண்டுமோ அதே வழியை அது அடைத்துக்கொண்டு நின்றது. இதற்கு மேல், 150 மீட்டர் தள்ளியுள்ள மாடத்தில் மோதித் திரும்புகிற குரல் பாடகனின் காதுக்கு வந்து சேர ஒரு நொடிக்குக் கிட்ட ஆகிவிடும், வேகமான பாட்டில் அதற்குள் இரண்டு தாளம் தாண்டிப் போயிருப்பார்கள்.

இன்றைக்குப் பல கச்சேரி மேடைகளில் பாடுபவரின் காலடியில் அவரைப் பார்த்துச் சாய்ந்தபடி ஒரு பாக்ஸ் இருக்கும், அதைத்தான் மானிட்டர் என்கிறோம். பாடுபவருக்குத் தன் குரல் கேட்பது அதன் வழியாகத்தான். அது ஒலித்தால்தான் சுருதி நிற்கும். பீட்டில்ஸ் உலகம் சுற்றிய காலத்தில் அவர்கள் காலடியில் அப்படி ஒன்று இல்லை. ஒரே மைக்கில் பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் தலையை ஒட்டிவைத்துப் பாடுகிற படங்கள் எத்தனை அழகு! அந்த நெருக்கத்தில்கூட அடுத்தவர் குரல் சரியாக விழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கூட்டத்தை ஏன் சின்ன அரங்கங்களில் பிரித்து உட்காரவைக்கவில்லை என்று கேட்கலாம். டிக்கெட் கிடைக்காதவர்கள் வெளியே நின்று கதவை உடைத்தார்கள், ஓட்டல்களை முற்றுகையிட்டார்கள், ஒரு ஊரில் இரண்டாவது இரவு தங்குவதே பாதுகாப்புப் பிரச்சினையாக இருந்தது. ஒரே இரவில் எல்லோரையும் உள்ளே விட்டு, முடித்ததும் வண்டியில் ஏறிப் பறந்துவிடுவது என்பது மேலாளர் பிரையன் எப்ஸ்டீனுக்கும் நடத்துபவர்களுக்கும் போலீசுக்கும் ஒத்துவந்த வழி. பணமும் அதில்தான் இருந்தது. ஆக மைதானம் என்கிற அளவுக்குக் கூட்டம் வளர்ந்துவிட்டது, போலீஸ் ஏற்பாடு வளர்ந்துவிட்டது, வசூல் வளர்ந்துவிட்டது. ஒலிக்கருவி மட்டும் நடன அரங்கத்து அளவிலேயே நின்றுவிட்டது. அந்த இடைவெளிக்குள் நான்கு மனிதர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஷே ஸ்டேடியக் கச்சேரியைப் படமாக எடுத்தவர்களுக்கும் இதே தலைவலி. ஒலிப்பதிவு தொலைக்காட்சிக்குத் தேறவில்லை. 1966 ஜனவரியில் லண்டனில் ஒரு ஸ்டுடியோவுக்கு நான்கு பேரையும் வரவழைத்து, திரையில் படத்தை ஓடவிட்டுப் பல இடங்களை மறுபடி வாசிக்கச் சொல்லி ஒட்டினார்கள். உலகப் புகழ்பெற்ற அந்த நேரடிக் கச்சேரிப் படத்தின் ஒலியில் ஒரு பகுதி, கிட்டத்தட்ட ஐந்து மாதம் கழித்து அமைதியான அறையில் வாசித்தது.

அமைதியான அந்த அறைகளில் வேறு ஏதோ நடக்க ஆரம்பித்திருந்தது. 1966 ஏப்ரல் 6ஆம் தேதி, லண்டன் ஆபி ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் ரிவால்வர் ஆல்பத்தின் பதிவு தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்டது பின்னால் 'டுமாரோ நெவர் நோஸ்' என்று பெயர் பெற்ற பாட்டு. ஏறத்தாழ ஒரே கார்டில், அதாவது ஒரே சுரக்கூட்டில், நிற்கிற பாட்டு, அடியில் தம்பூராவின் ரீங்காரம். மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுகிற மாதிரி தன் குரல் கேட்க வேண்டும் என்றார் லெனன். ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்குக்கு அப்போது இருபது வயது. ஹாமண்ட் ஆர்கனோடு வருகிற சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் லெனனின் குரலை அனுப்பி, வெளியே வருவதை மைக் வைத்துப் பிடித்தார். ரிங்கோவின் பெரிய டிரம்முக்குள் கம்பளிச் சட்டை ஒன்றைத் திணித்து, நிறுவன விதி அனுமதிக்காத அளவுக்கு நெருக்கமாக மைக்கை நகர்த்தினார். மெக்கார்ட்னி வீட்டில் தன் டேப் ரெக்கார்டரில், பழைய ஒலியை அழிக்கிற தலையைக் கழற்றிவிட்டு, ஒலிமேல் ஒலியாகப் பதிந்து சின்னச் சின்ன டேப் வளையங்கள் செய்து ஒரு பையில் கொண்டுவந்தார். மறுநாள் கட்டிடம் முழுக்க இருந்த டேப் இயந்திரங்களில் அவை ஓடின. வளையம் தொய்ந்துவிடாமல் இருக்க ஊழியர்கள் ஆளுக்கொரு பென்சிலை விட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், மேலே கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கிக் கலந்தார்கள். பாட்டில் கடற்பறவை கத்துகிற மாதிரி வருகிறதே, அது அந்த வளையங்களில் ஒன்று. இன்றைக்கும் அதைக் கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அதே மாதங்களில் கென் டவுன்செண்ட் என்கிற பொறியாளர், ஒரே குரலை இரண்டு முறை பாடிப் பதியும் சலிப்பிலிருந்து லெனனைக் காப்பாற்ற, பாடிய குரலின் நகலை இரண்டாவது இயந்திரத்தில் ஒரு நொடியின் மிகச் சிறிய பின்னம் தாமதமாக ஓட்டி ஒரு குரலை இரண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இங்கே எல்லாம் கேட்டது. ஒரு பென்சில் நழுவினால் கேட்டது. மூச்சு இழுத்தால் கேட்டது. ஒரு மாற்றம் செய்தால் அடுத்த நிமிடமே அதன் பலனைக் காதால் கேட்டு, நல்லது கெட்டது சொல்ல முடிந்தது. ஹாம்பர்க்கிலும் கேவர்னிலும் அவர்களை வளர்த்தது இதுதான். மேடையில் தொலைந்துபோன அது, ஸ்டுடியோவில் திரும்பக் கிடைத்தது.

ஆல்பத்தை ஜூன் 21ஆம் தேதி முடித்தார்கள், 24ஆம் தேதி மியூனிக்கில் கச்சேரி. இந்த மூன்று நாள் இடைவெளியை நினைத்துப் பார்த்தால்தான் அந்தக் கோடையின் அவஸ்தை புரியும். அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் ரிவால்வரிலிருந்து ஒரு பாட்டைக்கூட அவர்கள் மேடையில் வாசிக்கவில்லை. வாசிக்க முடியாது. எட்டுத் தந்திக் கருவிகள் வாசித்த பாட்டை இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் வைத்து என்ன செய்வது? அந்தப் பதிவு நாட்களிலிருந்து மேடைக்கு வந்தது 'பேப்பர்பேக் ரைட்டர்' என்கிற தனிப்பாட்டு மட்டும். அதன் அடுக்கு இசைவுக்குரல்கள் ஸ்டுடியோவில் குரல்மேல் குரலாகப் பதியப்பட்டவை, மேடையில் அவை ஆட்டம் காணுகிற இடம் வரும்போது கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டுவார்கள், அலறல் எழும், தவறு அதற்குள் மறைந்துவிடும்.

இந்தக் கையாட்டல்தான் என்னைப் பொறுத்தவரை மொத்தக் கதையின் மையம். சத்தம் அவர்கள் வாசிப்பைக் கெடுத்ததை விட, வாசிப்பு கெட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததுதான் பெரிய சேதம். நன்றாக வாசித்தாலும் அதே அலறல், தப்பாக வாசித்தாலும் அதே அலறல் என்றால் எதற்காக ஒத்திகை பார்ப்பார்கள்? பார்க்கவில்லை. எத்தனை வருடப் பழக்கம் இருந்தாலும் கேட்காத வாசிப்பு துருப்பிடிக்கும்.

அது வெளிச்சத்துக்கு வந்த இடம் டோக்கியோ. புடோகான் அரங்கம் 1964 ஒலிம்பிக்ஸ் ஜூடோவுக்காகக் கட்டப்பட்டது. தற்காப்புக் கலையின் புனித இடத்தில் மேற்கத்தியக் கூச்சல் இசையா என்று தேசியவாதிகள் போராடினார்கள், போலீஸ் பாதுகாப்பு பயங்கரமாக இருந்தது, ரசிகர்கள் இருக்கையை விட்டு எழக் கூடாது. ஜூன் 30இலிருந்து ஜூலை 2 வரை ஐந்து காட்சிகள். கூட்டம் கத்தியது, ஆனால் அமெரிக்கா மாதிரி இல்லை, பாட்டு நடக்கும்போது ஓரளவு கேட்டது. பல மாதங்களுக்குப் பிறகு தங்கள் வாசிப்பு தங்கள் காதில் விழுந்தது, அது நன்றாக இல்லை. முதல் நாள் படத்தைப் பாருங்கள், சுருதி விலகுகிறது, இசைவுக்குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, முகங்களில் சங்கடம் தெரிகிறது. இரண்டரை வருடத்துக்கு முன் வாஷிங்டனில் பறந்த அதே நால்வர்!

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஜூலை 4ஆம் தேதி மணிலாவில் ஒரே நாளில் இரண்டு காட்சிகள், மொத்தம் சுமார் 80,000 பேர். அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸ் அரண்மனையில் ஏற்பாடு செய்திருந்த வரவேற்புக்கு அவர்கள் போகவில்லை. அது அவமதிப்பு என்று நாடே கொதித்தது, மறுநாள் போலீஸ் பாதுகாப்பு விலக்கப்பட்டது, விமான நிலையத்தில் நகரும் படிக்கட்டு நிறுத்தப்பட்டது, கூட வந்தவர்களுக்கு அடி உதை விழுந்தது. அங்கிருந்து டெல்லி வந்தார்கள், ஹாரிசன் ஒரு நல்ல சிதார் வாங்கினார். லண்டன் திரும்பியதும், இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டு அடுத்து அமெரிக்கர்களிடம் அடி வாங்கப் போகிறோம் என்று நிருபர்களிடம் அவர் சொன்னார்.

கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. மார்ச் மாதம் லண்டன் நாளிதழ் ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில், இப்போது இயேசுவை விடத் தாங்கள் பிரபலம் என்று லெனன் சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஜூலை இறுதியில் ஒரு அமெரிக்க இளைஞர் பத்திரிகை அந்த வரியைத் தனியாக எடுத்துப் போட்டதும் தென் மாநிலங்களில் வானொலி நிலையங்கள் பீட்டில்ஸ் பாட்டுகளை நிறுத்தின, இசைத்தட்டுகளைக் குவித்து எரித்தார்கள். ஆகஸ்ட் 11ஆம் தேதி சிகாகோவில் லெனன் வருத்தம் தெரிவித்தார். 19ஆம் தேதி மெம்ஃபிஸ் கச்சேரியில் யாரோ ஒரு வெடியைக் கொளுத்திப் போட, குண்டு யார் மேல் பாய்ந்தது என்று மேடையில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். வாசிப்பை நிறுத்தவில்லை. 21ஆம் தேதி மதியம் சின்சினாட்டியில் வாசித்துவிட்டு, அன்றே விமானத்தில் செயிண்ட் லூயிஸ் போய், மழையில், மின்சாரக் கருவிகளுக்கு மேலே அவசரமாகக் கட்டிய கூரைக்கு அடியில் வாசித்தார்கள். முடிந்ததும் காலியான ஒரு சரக்கு வண்டிக்குள் ஏற்றிக் கொண்டுபோனார்கள். உட்கார ஒன்றும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. வண்டி திரும்பும்போதெல்லாம் நான்கு பேரும் உள்ளே சறுக்கிக்கொண்டு போக, மற்ற மூவரும் எப்போதோ சொன்னதை அங்கேதான் மெக்கார்ட்னியும் ஒப்புக்கொண்டார்: போதும். கடைசிவரை மேடையை விட மனசில்லாமல் இருந்தவர் அவர்தான்.

1966 ஆகஸ்ட் 29, சான் ஃபிரான்சிஸ்கோ, கேண்டில்ஸ்டிக் பார்க். கடலோரக் காற்றுக்குப் பெயர்போன பேஸ்பால் மைதானம். 42,500 இருக்கைகளில் வந்தது 25,000 பேர். மேடையைச் சுற்றிக் கம்பி வலை, கூட்டம் பாய்ந்தால் தப்பிக்கப் பக்கத்தில் ஒரு கவச வண்டி. 11 பாட்டு, 33 நிமிடம். இதுதான் கடைசி என்று யாரும் அறிவிக்கவில்லை, ஆனால் அவர்களுக்குத் தெரியும். பாட்டுகளுக்கு நடுவில் கேமராவை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். செய்தித் தொடர்பாளர் டோனி பேரோவிடம் கையடக்க கேசட் ரெக்கார்டரில் பதிவுசெய்யும்படி மெக்கார்ட்னி கேட்டிருந்தார். பேரோ மைதானத்தில் நின்று மைக்கை நீட்டிப் பிடித்தார். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடுகிற கேசட், இறுதிப் பாட்டான 'லாங் டால் சாலி' பாதியில் இருக்கும்போது தீர்ந்துவிட்டது. திரும்பும் விமானத்தில் ஹாரிசன், இனி நான் பீட்டில் இல்லை என்றார்.

மேடையை விட்ட முதல் ஆட்கள் இவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பியானோ மேதை க்ளென் கூல்ட் 1964 ஏப்ரலில் கச்சேரிகளை விட்டுவிட்டு ஒலிப்பதிவில் மட்டும் வாழப் போனார். பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் 1964 டிசம்பரில் விமானத்தில் மனம் உடைந்து, குழுவை ஊர் சுற்ற விட்டுவிட்டுத் தான் ஸ்டுடியோவில் உட்கார்ந்தார், அங்கிருந்து வந்ததுதான் 1966 மே மாதத்தின் பெட் சவுண்ட்ஸ். ஆனால் ஒரு முழுக் குழு, தன் சந்தை மதிப்பின் உச்சத்தில், ஊர் ஊராகப் போய்ப் பாடினால்தான் இசைத்தட்டு விற்கும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், இனி தட்டு மட்டும்தான் என்று முடிவெடுத்தது பெரிய சூதாட்டம். அந்த இலையுதிர்காலத்தில் குழு உடைந்துவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின.

நவம்பர் 24ஆம் தேதி அவர்கள் ஆபி ரோடுக்குத் திரும்பினார்கள். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்' பாட்டை ஒரு முறை மென்மையாக, மறுமுறை டிரம்பெட்டும் செல்லோவும் வைத்து வேகமாகப் பதிந்தார்கள். முதலாவதன் தொடக்கமும் இரண்டாவதன் முடிவும் பிடித்திருக்கிறது, இரண்டையும் சேர்த்துவிடுங்கள் என்றார் லெனன். சுருதியும் வேறு, வேகமும் வேறு என்றார் மார்ட்டின். ஒன்றின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி மற்றதைக் கொஞ்சம் குறைத்தபோது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து நின்றன. பாட்டு தொடங்கி ஒரு நிமிடம் ஆகும்போது கவனித்துக் கேளுங்கள், ஒட்டு அங்கே இருக்கிறது. அடுத்து வந்த சார்ஜண்ட் பெப்பர் ஆல்பத்துக்குச் சுமார் 700 மணி நேரம் செலவழித்தார்கள். முதல் ஆல்பத்துக்கு ஒரு நாள்! ரிங்கோவுக்கு அந்த நாட்களில் சலிப்பு, காத்திருந்த நேரத்தில் சதுரங்கம் கற்றுக்கொண்டதுதான் மிச்சம் என்று சொல்லியிருக்கிறார். நான்கு பேர் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிப்பது குறைந்து, அவரவர் பகுதியை அவரவர் பதிகிற பழக்கம் வந்தது. குழு உடைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும், ஸ்டுடியோ கொடுத்ததும் உண்டு, எடுத்துக்கொண்டதும் உண்டு.

இன்னொரு பக்கம், இவர்கள் விட்டுப்போன பிரச்சினையை மற்றவர்கள் கையில் எடுத்தார்கள். 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டெரி திருவிழாவில் ஒலியமைப்பு நன்றாக இருக்கிறதே என்று பாடகர்களே வியந்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் சார்லி வாட்கின்ஸ் 1,000 வாட் ஒலியமைப்பைத் திறந்தவெளித் திருவிழாவுக்குக் கொண்டுவந்தார். 1969இல் உட்ஸ்டாக்கில் நான்கு லட்சம் பேருக்குக் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பில் ஹான்லி. 1974இல் கிரேட்ஃபுல் டெட் குழு தங்கள் முதுகுக்குப் பின்னால் அறுநூறு சொச்சம் ஒலிபெருக்கிகளை மாடி வீட்டு உயரத்துக்கு அடுக்கி, 26,000 வாட்டுக்கு மேல் ஓட்டியது. ரசிகருக்குக் கேட்பதும் வாசிப்பவருக்குக் கேட்பதும் ஒரே ஒலி, தனியாக மானிட்டரே வேண்டாம். பின்னாலிருந்து வருகிற சத்தம் மைக்கில் நுழைந்து ஊளையிடாமல் இருக்க, ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்கை எதிரெதிராக இணைத்து, இரண்டிலும் பொதுவாக விழும் ஒலியை ரத்தாக்கிவிட்டு, ஒன்றில் மட்டும் பாடினார்கள். கட்டி அவிழ்க்கிற செலவு தாங்காமல் அதே ஆண்டு கைவிட்டார்கள், ஆனால் மைதானத்தில் இசையைக் கேட்கவைக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

கருவி வந்தபோது பீட்டில்ஸ் வரவில்லை. 1969 ஜனவரி 30ஆம் தேதி லண்டன் சவைல் ரோவில் தங்கள் அலுவலக மொட்டைமாடியில் சுமார் 42 நிமிடம் வாசித்தார்கள், அவ்வளவுதான். காற்று மைக்கில் இரையாமல் இருக்க, அன்று உதவியாளராக இருந்த ஆலன் பார்சன்ஸ் காலையில் கடைக்குப் போய்ப் பெண்கள் அணியும் காலுறைகள் வாங்கிவந்து மைக்குகளுக்கு மாட்டினார். கூட்டம் கீழே தெருவில், அலறல் இல்லை, நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் பில்லி பிரஸ்டன் கீபோர்டில். வாசிப்பு இறுக்கமாக இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, லெனன் ஒரு வரியை மறந்து உளறியதைக்கூட எல்லோரும் கேட்டுச் சிரிக்கிறார்கள். போலீஸ் வந்து நிறுத்தியது.

அந்த ஹாலிவுட் பவுல் டேப்கள் என்ன ஆயின? 1977இல் மார்ட்டினும் எமெரிக்கும் அவற்றை எடுத்துத் தேய்த்துத் துலக்கி ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். அந்தக் காலத்து மூன்று தட இயந்திரம் ஓட ஓடச் சூடேறியதால் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைத் திருப்பி வைத்துக் காற்றடித்துக் குளிரவைத்தார்கள். அப்போதும் அலறலுக்கு நடுவில்தான் பாட்டைத் தேட வேண்டியிருந்தது. 2016இல் ஆபி ரோடின் ஜேம்ஸ் கிளார்க் எழுதிய மென்பொருள், ஒரே தடத்தில் கலந்து கிடந்த குரலையும் கிட்டாரையும் டிரம்ஸையும் கூச்சலையும் பிரித்தெடுத்தது, ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் அதைப் புதிதாகக் கலந்து வெளியிட்டார். கூச்சலை முழுக்க அழிக்கவில்லை, பின்னால் தள்ளி வைத்தார். முன்னால் வந்து நிற்கிறது 1964, 65இன் பீட்டில்ஸ். தங்களுக்கே கேட்காமல் வாசித்தவர்கள் என்று நம்ப முடியாத அளவுக்குத் தாளம் கச்சிதமாக இருக்கிறது, ரிங்கோ ஒரு இடத்திலும் தடுமாறவில்லை, இசைவுக்குரல்கள் பெரும்பாலும் சரியான இடத்தில் விழுகின்றன. அதைக் கேட்டுவிட்டு புடோகான் முதல் நாள் பதிவைக் கேளுங்கள். 1965 பதிவுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது ஒரு வருடத்துக்கும் குறைவான காலம்.